மேசையிலேயே வாழும் மடிக்கணினிகள்: மினி பிசியா, லேப்டாப்பா?

மேசைமேல் நாளிதழை விரித்து, இரண்டு இயந்திரங்களை அருகருகே வைத்துத் திறந்தேன். ஒன்று அக்கா வீட்டு லேப்டாப். வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, கிளிக் விழவில்லை என்று கொண்டுவந்திருந்தார்கள். இன்னொன்று ஓர் அலுவலகம் கழித்துவிட்ட மினி பிசி, தடித்த அகராதி அளவுதான் இருக்கும். லேப்டாப்பின் அடிமூடிக்குப் பத்து திருகாணிகள், அதற்குமேல் விளிம்பு நெடுக பிளாஸ்டிக் கொக்கிகள். மினி பிசிக்குப் பின்பக்கம் ஒரே ஒரு திருகாணி. அதைக் கழற்றியதும் மூடி நழுவி வந்துவிட்டது.

லேப்டாப்பின் பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது. டச்பேடைத் தூக்கியது அதுதான். அதைக் குத்தாமல், வளைக்காமல் மெதுவாக எடுத்து ஓரமாக வைத்தேன். பிறகு ரேம் என்ற நினைவகப் பலகையைக் கழற்றி மினி பிசியில் செருகினேன். அளந்து செய்த மாதிரி உட்கார்ந்தது. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியும் அப்படியே. பக்கத்தில் நின்ற அக்கா மகன் கேட்டான்: “ரெண்டுக்கும் ஒரே ரேம் தானுங்களா மாமா?”

ஒரே ரேம்தான். மினி பிசி என்று கடையில் விற்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை, திரையும் கீபோர்டும் பேட்டரியும் கழற்றப்பட்ட லேப்டாப்புகள். இதைப் புரிந்துகொண்டால் எதை வாங்குவது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். ‘எது வேகமானது’ என்ற கேள்வி பின்னுக்குப் போய், ‘இந்த மூன்றும் இயந்திரத்தோடு ஒட்டியே இருக்க வேண்டுமா’ என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது. ஈரோட்டில் ஆடிட்டர் அலுவலகங்கள், ஜவுளிக் கடைகள், டைப்பிங் சென்டர்கள் என்று பல இடங்களில் கணினி பார்த்துக்கொடுக்கிறவன் நான். அங்கெல்லாம் பார்க்கும் லேப்டாப்புகளில் பாதிக்கு மேல், வாங்கிய நாளிலிருந்து மேசையை விட்டு நகர்ந்ததில்லை. சார்ஜர் செருகியே இருக்கும், மூடி திறந்தே இருக்கும். அந்த வீடுகளும் அலுவலகங்களும் நகராத இயந்திரத்துக்கு, நகர்வதற்கான விலையைக் கொடுத்திருக்கின்றன. அந்த விலை ரூபாயில் மட்டும் இல்லை என்பதுதான் எனக்குள்ள கவலை.

சின்னப் பெட்டி வந்த வழி

சிறிய மேசைக் கணினி புதிய சரக்கு இல்லை. தைவானின் வியா நிறுவனம் 2001-ல் மினி-ஐடிஎக்ஸ் என்ற, 17 சென்டிமீட்டர் சதுர மதர்போர்டு (எல்லா உறுப்புகளும் உட்காரும் தாய்ப்பலகை) வடிவத்தைக் கொண்டுவந்தது. 2005 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேக் மினியை மேடையேற்றினார். விலை 499 டாலர். திரை, கீபோர்டு, மவுஸ் மூன்றையும் நீங்களே கொண்டுவாருங்கள் என்று சொல்லியே விற்றார்கள். இன்டெல் 2012 வாக்கில் நக் என்ற பெயரில் 10 சென்டிமீட்டர் சதுரப் பலகை கொண்ட குட்டிப் பெட்டிகளை இறக்கியது. லேப்டாப்புக்கான பிராசசரை, அதாவது கணினியின் மூளையான சிப்பை, மேசைக்குக் கொண்டுவரும் வழக்கத்தைப் பரவலாக்கியது அந்த வரிசைதான். 2023-ல் இன்டெல் அதிலிருந்து விலகிக்கொள்ள, ஏசுஸ் நிறுவனம் உரிமம் பெற்றுத் தொடர்கிறது.

இதற்கு இணையாக அலுவலகங்களுக்கென்று இன்னொரு கிளை வளர்ந்தது. லெனோவாவின் திங்க்சென்டர் டைனி, டெல்லின் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, ஹெச்பியின் எலைட்டெஸ்க் மினி. மூன்றும் ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளளவு கொண்டவை. இவற்றுக்குள் பெரும்பாலும் இருப்பது லேப்டாப் சிப் இல்லை. பெயரின் கடைசியில் ‘டி’ என்ற எழுத்து வரும், 35 வாட்டுக்கு அடக்கப்பட்ட மேசைக் கணினி சிப். ரேமும் எஸ்எஸ்டியும் வைஃபை அட்டையும் மட்டும் லேப்டாப் அளவு. வங்கிகளும் ஐடி கம்பெனிகளும் ஆயிரக்கணக்கில் வாங்கி, சில வருடங்கள் கழித்து மொத்தமாகக் கழித்துவிடும் பெட்டிகள் இவை. சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் இருக்கும் மின்னணுக் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரே சிப், இரண்டு விலை

பொதுவாக இந்த ஒப்பீட்டைச் சரியாகச் செய்வது கடினம். ஒரு லேப்டாப்புக்கும் ஒரு மினி பிசிக்கும் எல்லா உறுப்புகளும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஆப்பிள் ஏறக்குறைய அந்த வாய்ப்பைத் தந்தது. எம்4 சிப், 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட மேக் மினி 2024 நவம்பரில் இந்தியாவில் 59,900 ரூபாய்க்கு வந்தது. அதே எம்4, அதே 16 ஜிபி, அதே 256 ஜிபி கொண்ட மேக்புக் ஏர் 2025 மார்ச்சில் 99,900 ரூபாய்க்கு வந்தது. வித்தியாசம் சரியாக 40,000 ரூபாய். 13 அங்குலத் திரை, கீபோர்டு, பேட்டரி, கேமரா, ஸ்பீக்கர், தூக்கிச் செல்லும் வசதி எல்லாவற்றுக்குமான விலை அது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மேக்புக் ஏரில் விசிறி கிடையாது. மேக் மினியில் உண்டு. ஒரு நிமிட வேலையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் ஓடும். அரை மணி நேர வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யச் சொன்னால், ஏர் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், மினி தளராமல் ஓடும். விலை குறைந்த பெட்டிதான் நீண்ட வேலைக்கு உறுதியாக நிற்கிறது.

விண்டோஸ் பக்கம் வந்தால், பெயரை மட்டும் பார்த்து ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 2018-ல் வந்த ஐ5-8500டி என்ற சிப் ஒரு லிட்டர் பெட்டிகளில் இருக்கும். அதற்கு 6 கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்யும் ஆறு கணிப்பு அலகுகள். அதே ஆண்டில் வந்த ஐ5-8265யு லேப்டாப்புகளில் இருக்கும். அதற்கு 4 கோர். ஒன்று 35 வாட், இன்னொன்று 15 வாட். ஸ்டிக்கரில் இரண்டுமே ‘ஐ5, எட்டாம் தலைமுறை’தான். எண்ணுக்குப் பின்னால் வரும் அந்த ஓர் எழுத்துதான் பிராசசருக்கு எவ்வளவு மின்சாரமும் குளிர்ச்சியும் கிடைக்கும் என்பதைச் சொல்கிறது. யு என்றால் மெல்லிய லேப்டாப், ஹெச் என்றால் 45 வாட் அளவுக்குப் போகும் கனமான லேப்டாப், டி என்றால் அடக்கப்பட்ட மேசைச் சிப். விற்பனையாளர் ‘ஐ5’ என்று நிறுத்தினால், முழுப் பெயரையும் கேட்டுவிடுங்கள்.

பேட்டரி என்னும் வயதாகும் உறுப்பு

அக்கா வீட்டு லேப்டாப்புக்கு வருகிறேன். அது ஒருநாளும் வெளியூர் போனதில்லை. அத்தான் கணக்கு எழுதுவார், பிள்ளைகள் படிப்பார்கள், சார்ஜர் எப்போதும் செருகியே இருக்கும். பேட்டரி கெட்டதற்குக் காரணம் அதிகப் பயன்பாடு என்று அக்கா நினைத்திருந்தாள். உண்மையில் அதைப் பயன்படுத்தவே இல்லை என்பதுதான் காரணம்.

லித்தியம் அயன் செல் ஒன்று முழுதாக நிறைந்திருக்கும்போது சுமார் 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த உச்சத்தில் உள்ளே இருக்கும் வேதிப்பொருள்கள் அமைதியாக இருப்பதில்லை. மின்பகுபொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வாயுவாகிறது. வெப்பம் கூடினால் சிதைவு வேகமெடுக்கிறது. ஒருபக்கம் எப்போதும் 100 சதவீதம், மறுபக்கம் பிராசசரின் சூடு, அதற்கு மேல் ஈரோட்டு வெயில். சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று ஆப்பிளே தன் பயனர்களுக்கு எச்சரிக்கிறது. ஈரோடு, கரூர், வேலூர் பக்கம் கோடையில் 40 டிகிரி சர்வசாதாரணம். மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், மெத்தைமேல் வைத்த லேப்டாப்பின் அடிவயிறு என்ன சூட்டில் இருக்கும் என்று கை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

ஏற்கெனவே லேப்டாப் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று உண்டு. இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியைத் தங்கள் மென்பொருளில் கொடுத்திருக்கின்றன. மேசையிலேயே இருக்கும் லேப்டாப்பில் அதை இயக்கிவிடுங்கள். பேட்டரியின் ஆயுள் கூடும். உப்பிவிட்ட பேட்டரியை மட்டும் ‘இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்’ என்று விடாதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று யாராவது சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள், தீப்பற்றும். குப்பைத்தொட்டியிலும் போடக்கூடாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளர்களுக்கு உண்டு. சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.

மினி பிசியில் இந்தக் கதையே இல்லை. உள்ளே இருக்கும் ஒரே பேட்டரி, கடிகாரத்துக்கான நாணய அளவு வட்டச் செல். சில வருடங்களுக்கு ஒருமுறை தேதி தப்பாகக் காட்டினால், பல பெட்டிகளில் நாமே மாற்றிவிடலாம்.

கழுத்தும் கண்ணும்

ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு பெண், ஜூலை மாதம் முழுக்கக் கழுத்துவலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்யும் காலம் அது. தினமும் பத்து மணி நேரம் 15.6 அங்குல லேப்டாப்பில் குனிந்திருந்தார். அவர் உட்காரும் முறையில் தவறு இல்லை. லேப்டாப்பின் அமைப்பே அப்படி. திரையும் கீபோர்டும் ஒரே கீலில் இணைந்திருப்பதால், கை வசதியாக இருக்கும் உயரத்தில் வைத்தால் கண் கீழே போகும். கண்ணுக்கு நேராக உயர்த்தினால் கை தொங்கும். இரண்டில் ஒன்று வலித்தே தீரும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்க வேண்டும், ஒரு கை நீளம் தள்ளி இருக்க வேண்டும் என்பதுதான் பணியிட மருத்துவர்கள் சொல்லும் பொதுவான விதி. தனி லேப்டாப்பில் அதைக் கடைப்பிடிக்க வழியே இல்லை.

திரையின் பரப்பையும் கணக்குப் பண்ணிப் பாருங்கள். 24 அங்குலம் என்பது 15.6 அங்குலத்தைவிட ஒன்றரை மடங்கு பெரியது என்று தோன்றும். அங்குலம் என்பது மூலைவிட்டத்தின் நீளம். பரப்பில் அது 2.4 மடங்கு வருகிறது. 24 அங்குல மானிட்டரின் திரை சுமார் 53 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம். ஏ4 தாள் 21-க்கு 29.7. அதாவது இரண்டு ஏ4 பக்கங்களை அசல் அளவிலேயே பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தலாம், இன்னும் ஓரத்தில் இடம் மிச்சமிருக்கும். 15.6 அங்குல லேப்டாப்பில் திரையின் உயரமே 19 சென்டிமீட்டர்தான். ஒரு பக்கத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் தெரியும். ஒருபக்கம் பேங்க் ஸ்டேட்மென்ட், மறுபக்கம் டேலி கணக்கு மென்பொருள் என்று வேலை செய்கிறவருக்கும், கையெழுத்துப் பிரதியைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறவருக்கும், மெய்ப்புத் திருத்துகிறவருக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒருநாள் செய்து பார்த்தால் தெரியும்.

அந்தப் பெண்ணின் மேசையில் மினி பிசியை மானிட்டரின் முதுகிலேயே பொருத்திக் கொடுத்தோம். மானிட்டர்களின் பின்னால் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகாணித் துளைகள் இருக்கும். அவை வேசா என்ற பொது அளவு. மினி பிசியோடு வரும் தகட்டை அதில் முடுக்கினால் பெட்டி கண்ணுக்கே தெரியாது. மேசையில் கீபோர்டும் மவுஸும் வவுச்சர் கட்டுகளும் மட்டும்தான். ஒரு மாதம் கழித்துப் போனபோது கழுத்தைப் பற்றி அவர் பேசவில்லை. பக்கத்து மேசைக்காரர் தனக்கும் ஒன்று கேட்டார்.

கரன்ட் போனால்?

லேப்டாப்பின் பக்கம் இருக்கும் வலுவான நியாயம் இதுதான், இதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. மின்தடை வரும்போது லேப்டாப் கண் சிமிட்டாமல் ஓடுகிறது. மேசைக் கணினி அந்த நொடியே செத்துவிடுகிறது, சேமிக்காத வேலை போய்விடுகிறது. மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்காக நாள் முழுக்க மின்சாரம் நிறுத்தும் ஊர்களில், இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு லேப்டாப்தான் சரி.

இன்வெர்ட்டரோ யூபிஎஸ்ஸோ இருந்தால் கணக்கு மாறுகிறது. மினி பிசி சாதாரண வேலையில் 10 முதல் 20 வாட் எடுக்கும். 24 அங்குல மானிட்டர் 20 வாட்டை ஒட்டி எடுக்கும். இரண்டும் சேர்ந்து 40 வாட் என்று வைத்துக்கொள்வோம். கடையில் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ்ஸில் பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். அதாவது 84 வாட்-மணி. மாற்றத்தில் வீணாவதைக் கழித்தாலும், புது பேட்டரியில் அரை மணி நேரத்துக்கு மேல் தாராளமாக நிற்கும். பழைய ‘சிபியு’ பெட்டியும் மானிட்டரும் 120, 150 வாட் இழுத்த காலத்தில் அதே யூபிஎஸ் பத்து நிமிடத்தில் கத்த ஆரம்பித்துவிடும். மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் தாங்காது என்று நம் ஆட்கள் மனதில் பதிந்தது அந்தக் காலத்து அனுபவம்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், அதன் பின்புறம் ‘யூபிஎஸ்’, ‘நார்மல்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் உண்டு. நார்மலில் இருந்தால் மாறும் நேரம் கொஞ்சம் நீளும், விளக்கு ஒருமுறை சிமிட்டும், கணினி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். யூபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டால் அந்த இடைவெளி கணினிக்குத் தெரியாத அளவு சுருங்கிவிடும். இந்த ஒரு சுவிட்சைத் தெரியாமல் கணினியைக் குறை சொல்லிக்கொண்டிருந்த வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வைஃபை ரூட்டருக்கென்று விற்கும் குட்டி யூபிஎஸ்ஸை மினி பிசியில் செருகுவதற்கு முன் லேபிளைப் படியுங்கள். அது பெரும்பாலும் 12 வோல்ட். அலுவலக மினி பிசிகள் 19 அல்லது 20 வோல்ட் கேட்கும். இன்டெல் என்100 என்ற சிக்கனச் சிப் போட்ட குட்டிப் பெட்டிகள் சில 12 வோல்ட்டில் ஓடும், ஆனால் அங்கேயும் ஆம்பியர் போதுமா என்று பார்க்க வேண்டும்.

மின்கட்டணத்தையும் சேர்த்துவிடுகிறேன். தினம் எட்டு மணி நேரம், இரண்டு மாதம். மினி பிசியும் மானிட்டரும் 40 வாட்டில் சுமார் 19 யூனிட். பழைய பெரிய பெட்டி 120 வாட்டில் சுமார் 58 யூனிட். தனி லேப்டாப் 20 வாட்டில் 10 யூனிட்டுக்குள். லேப்டாப்தான் சிக்கனம், ஆனால் அந்தச் சுமார் 10 யூனிட் வித்தியாசத்துக்காக யாரும் முடிவை மாற்ற வேண்டியதில்லை.

பழையதை வாங்குவது, புதியதை வாங்குவது

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். இந்த ஒரு விதி, கழித்துவிடப்பட்ட ஒரு லிட்டர் பெட்டிகளை இரண்டாகப் பிரித்துவிட்டது. ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் மலிவாகக் குவிகின்றன. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆப்டிபிளெக்ஸ் 3050 மைக்ரோ விண்டோஸ் 11 ஏற்காத பக்கம், 3060 மைக்ரோ ஏற்கும் பக்கம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தெரிந்தவருக்குப் பழையதும் அருமையான பேரம்தான். டேலி போட வேண்டிய கடைக்காரர் எட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது.

பழைய லேப்டாப் வாங்குவதைவிடப் பழைய மினி பிசி வாங்குவதில் ஆபத்து குறைவு என்பது என் உறுதியான கருத்து. லேப்டாப்பில் தேயும் உறுப்புகள் பேட்டரி, கீல், கீபோர்டு, திரைக்குப் போகும் கேபிள். மினி பிசியில் இவை நான்குமே இல்லை. அலுவலகத்தில் ஒரு மூலையில் நகராமல் கிடந்தது அது. விசிறியில் தூசி இருக்கும், ஊதி எடுத்துவிடலாம். பிராசசரின் மேல் சூட்டைக் கடத்தப் பூசிய பேஸ்ட் காய்ந்திருக்கும், புதிதாகப் பூச அரை மணி நேரம் போதும்.

பழுது என்று வந்தாலும் அப்படித்தான். லேப்டாப்பில் கீபோர்டில் காபி கொட்டினால் மதர்போர்டு வரை போகும். மேசையில் தனிக் கீபோர்டில் கொட்டினால் சில நூறு ரூபாய்க்குப் புதிது வாங்கிவிடலாம். மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் இன்று ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகிறது. 8 ஜிபியோடு வாங்கியவர் கடைசிவரை 8 ஜிபியோடுதான். பெரும்பாலான மினி பிசிகளில் இரண்டு ரேம் இடங்கள் உண்டு. மேக் மினி இதில் விதிவிலக்கு, அதன் ரேமைக் கூட்ட முடியாது. 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் உலகத்து மெமரியை எல்லாம் இழுக்க, ரேம் விலை தாறுமாறாக ஏறியபோது, பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த ரேமை மாற்றிப் போட முடிவதன் அருமை எனக்கு முன்னைவிட நன்றாகப் புரிந்தது.

புதிய மினி பிசி வாங்கும்போது நான் எச்சரிக்கும் விஷயங்கள் வேறு. இணையத்தில் மலிவு விலை பார்த்து ஆர்டர் போட்ட ஒருவர், பெட்டி வந்ததும் ஆன் ஆகவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். அது ‘பேர்போன்’. ரேம், எஸ்எஸ்டி, விண்டோஸ் எதுவும் இல்லாத கூடு. விளம்பரத்தில் அந்தச் சொல் இருந்தது, அதற்கு அர்த்தம் அவருக்குத் தெரியவில்லை. மூன்றையும் சேர்த்தபோது லேப்டாப் விலையைத் தொட்டுவிட்டது. பெயர் தெரியாத பிராண்டுகளில் இன்னொரு பயமும் இருக்கிறது. 2024 தொடக்கத்தில் ஒரு மினி பிசி பிராண்டின் பெட்டிகள் உளவு மென்பொருளோடே வந்தது கண்டுபிடிக்கப்பட்டு, நிறுவனமும் ஒப்புக்கொண்டது. அப்படிப்பட்ட பெட்டியை வாங்கினால், முதல் வேலையாக எஸ்எஸ்டியை முழுக்க அழித்து, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். இந்தியாவில் விற்கும் அடாப்டரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், ‘ஆர்’ என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இல்லாத அடாப்டரை இரவெல்லாம் செருகி வைக்காதீர்கள்.

மினி பிசியில் கேமராவும் மைக்கும் கிடையாது. நல்ல ஸ்பீக்கரும் இருக்காது. பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, வெளிநாட்டிலிருக்கும் மகளோடு வீடியோ பேச்சு என்றால் வெப்கேமையும் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும். பழைய அலுவலகப் பெட்டிகளில் வைஃபை இல்லாமலும் இருக்கலாம். மானிட்டருக்கான துளை டிஸ்ப்ளேபோர்ட் மட்டுமாக இருந்தால், கையில் இருக்கும் ஹெச்டிஎம்ஐ கேபிள் சேராது. இவை எல்லாம் சில்லறைச் செலவுகள். முன்கூட்டியே தெரியாவிட்டால்தான் எரிச்சல்.

யாருக்கு எது

கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு லேப்டாப். இதில் எனக்கு இரண்டாம் யோசனையே கிடையாது. வகுப்பு, ஆய்வகம், விடுதி, விடுமுறைக்கு வீடு என்று நான்கு இடத்தில் வாழும் பிள்ளைக்கு மேசைக் கணினி பாரம். தமிழக அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அது லேப்டாப்பாக இருந்ததில் பெரிய நியாயம் இருந்தது. மேசையே இல்லாத வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. திண்ணையிலும் மாடிப்படியிலும் உட்கார்ந்து அதில் படித்து முன்னுக்கு வந்தவர்களை நான் அறிவேன். தனி அறையும் மேசையும் நாற்காலியும் இருக்கிறவர்கள்தான் மினி பிசியைப் பற்றி யோசிக்கவே முடியும் என்பதை மறந்துவிட்டு ஆலோசனை சொல்லக்கூடாது.

வாடிக்கையாளர்களின் மில்லுக்கும் குடோனுக்கும் போய்க் கணக்குப் பார்க்கும் ஆடிட்டருக்கும், நிருபருக்கும், மேடையில் வகுப்பெடுக்கிறவருக்கும் லேப்டாப்தான். விளையாட்டுக்கும், என்விடியா கிராபிக்ஸ் அட்டை தேவைப்படும் முப்பரிமாண வேலைக்கும், சாதாரண மினி பிசி போதாது. அங்கே பெரிய பெட்டி, அல்லது கனமான கேமிங் லேப்டாப். பில்லிங் கவுன்ட்டர், டைப்பிங் சென்டர், இ-சேவை மையம், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவரின் மேசை, பள்ளிக்கூடக் கணினி அறை, இவை எல்லாவற்றுக்கும் மினி பிசி.

குடும்பத்துக்கு ஒரே கணினி என்கிற வீடுகளில் நான் கவனித்த ஒன்று உண்டு. லேப்டாப் வாங்கினால் அது சீக்கிரமே யாரோ ஒருவருடையதாகிவிடும், பெரும்பாலும் மூத்த பையனுடையதாக. அவன் அறைக்குள் போய்விடும். அம்மா அதைத் தொடத் தயங்குவாள், தங்கை கெஞ்சிக் கேட்பாள். கூடத்தில் மேசைமேல் நிற்கும் கணினி எல்லோருக்கும் சொந்தம். மாலை ஆறு மணிக்கு யார், ஏழு மணிக்கு யார் என்று சண்டை வரும், ஆனாலும் எல்லோர் கையும் அதில் படும். சிறு பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்பதும் பெரியவர்களின் கண்ணில் படும். பெண்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கூடத்துக் கணினியையே நான் வற்புறுத்திச் சொல்கிறேன். அவளுக்கும் ஒரு மணி நேரம் கேட்காமலே கிடைக்கும்.

ஏற்கெனவே நல்ல நிலையில் லேப்டாப் இருந்தால், அதை விற்றுவிட்டு மினி பிசி வாங்கச் சொல்ல மாட்டேன். 24 அங்குல மானிட்டர் ஒன்று, தனிக் கீபோர்டு, மவுஸ். இந்த மூன்றையும் வாங்கி லேப்டாப்போடு இணைத்து, 80 சதவீத வரம்பையும் போட்டுவிட்டால் மேசைக் கணினியின் சுகத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். எழுந்து போகும்போது சில கேபிள்களைப் பிடுங்கினால் போதும். பிறகு லேப்டாப்புக்கு வயதானாலும் அந்த மானிட்டர் கெடாமல் நிற்கும், அடுத்து வரும் எந்தப் பெட்டிக்கும் உதவும். கையில் காசு குறைவாக இருந்தால் முதலில் மானிட்டரில் போடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

அக்கா வீட்டில் அந்தப் பழைய மினி பிசியே போதும் என்று முடிவானது. லேப்டாப்பிலிருந்து எடுத்த ரேமும் எஸ்எஸ்டியும் அதற்குள் இருக்கின்றன, அத்தானின் டேலி ஃபைல்கள் ஒன்றும் போகவில்லை. மானிட்டர் மட்டும் புதிது. இன்வெர்ட்டர் சுவிட்ச் நார்மலில் இருந்தது, யூபிஎஸ் பக்கம் தள்ளினேன். அக்கா மகன் மெயின் சுவிட்சை இறக்கிப் பார்த்தான். கூடத்து விளக்கு சிமிட்டவில்லை, திரையில் தட்டச்சிக்கொண்டிருந்த வரியும் அப்படியே நின்றது. உப்பிய பேட்டரியை மணல் போட்ட டப்பாவில் வைத்து, மறுநாள் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட்டு வந்தோம்.